புதிதாக இணையதளமோ யூடியூப் சேனலோ தொடங்குபவர்களுக்கு: காபிரைட் தொல்லையைச் சமாளிக்கும் வழி

சமையல், கோயில் வரலாறு, நாவல் வாசிப்பு, சினிமா விமர்சனம், போட்டித் தேர்வுக் குறிப்புகள் என்று தமிழில் தினமும் யாராவது தளமோ சேனலோ தொடங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரியவருவதே, "உங்கள் வீடியோ நீக்கப்பட்டது" என்ற மின்னஞ்சல் வந்த பிறகுதான். அதை அனுப்புவது நீதிமன்றமும் இல்லை, போலீஸும் இல்லை. யூடியூபோ, தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனமோதான். யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் விசாரிப்பதும் இல்லை. முறையாக எழுதிய ஒரு புகார் வந்தது, எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

இணையத்தில் பதிப்புரிமை என்பது நடைமுறையில் இப்படித்தான் ஓடுகிறது: ஒரு புகார், ஒரு கெடு, ஒரு பதில். வழக்கு, தீர்ப்பு வரை போவது மிகக் குறைவு. அதனால் யாருக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்பதைவிட, யார் கையில் எழுத்து ஆதாரம் இருக்கிறது, யார் கெடுவுக்குள் பதில் போடுகிறார்கள் என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதலில், எந்த நாட்டுச் சட்டம்?

தமிழ்நாட்டில் உட்கார்ந்து தளம் நடத்துபவருக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தும். ஒன்று, இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். இணையத்துக்கு ஏற்றபடி 2012-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இன்னொன்று, அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் காபிரைட் சட்டம், சுருக்கமாக டி.எம்.சி.ஏ. நமக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வேர்ட்பிரஸ் எல்லாமே அமெரிக்க நிறுவனங்கள். அவை தங்கள் புகார் முறையை உலகம் முழுவதற்கும் அந்தச் சட்டத்தை ஒட்டியே அமைத்திருக்கின்றன. மதுரையிலிருந்து போட்ட வீடியோவை மதுரைக்காரரே புகார் செய்து நீக்கினாலும், நிரப்ப வேண்டிய படிவம் அமெரிக்கச் சட்டத்தின் படிவம்தான்.

அந்தச் சட்டத்தின் 512-ஆவது பிரிவு பெரிய நிறுவனங்களுக்கு ஒரு பாதுகாப்பைக் கொடுக்கிறது. பயனர்கள் எதையாவது திருட்டுத்தனமாக ஏற்றினால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை; ஆனால் புகார் வந்ததும் தாமதிக்காமல் நீக்க வேண்டும், திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை முடக்க வேண்டும். இந்த இரண்டில் தவறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். யூடியூப் உங்களைக் கேட்காமலே வீடியோவை எடுப்பதன் காரணம் இதுதான். உங்கள் மேல் கோபமில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு பிடித்தமானதில்லை. முதலில் தண்டனை, பிறகு விசாரணை என்பதுபோலத்தான் இது நடக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு இல்லையென்றால், யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்ற ஒரு தளத்தை எந்த நிறுவனமும் துணிந்து நடத்தாது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அங்கே பதிப்புரிமைக் காலம் ஆசிரியரின் ஆயுளோடு 70 ஆண்டு. இந்தியாவில் 60 ஆண்டு. மற்றபடி யூடியூப் புகார் முறை அவர்களுக்கும் இதேதான்.

அடுத்து, கையில் இருப்பதெல்லாம் யாருடையது என்று பட்டியல் போடுங்கள்

தளம் தொடங்கும் முன்பே ஒரு எக்ஸெல் தாள் திறந்து வையுங்கள். ஒவ்வொரு படம், ஒவ்வொரு இசைத் துணுக்கு, வெளியாள் எழுதிய ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி. எங்கிருந்து எடுத்தது, யார் எடுத்தது அல்லது எழுதியது, எந்த உரிமத்தில், எந்தத் தேதியில், அனுமதி எந்த மின்னஞ்சலில் இருக்கிறது. போரடிக்கும் வேலைதான். மூன்று வருடம் கழித்து ஒரு நோட்டீஸ் வரும்போது இதன் அருமை தெரியும்.

பதிப்புரிமை பதிவு செய்தால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். எழுதி முடித்த கணத்தில், படம் எடுத்த கணத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. கீழே காபிரைட் குறி இல்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. கூகுள் படத் தேடலில் வந்தது, வாட்ஸாப்பில் நாலு பேர் அனுப்பியது என்பதும் அனுமதி ஆகாது. "முப்பது விநாடிக்குள் பாட்டு போட்டால் பிரச்சினை இல்லை" என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடியோவுக்குக் கீழே "முழு உரிமையும் உரியவர்களுக்கே" என்று எழுதி வைப்பதாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. சொல்லப்போனால், அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே போட்டேன் என நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

சினிமாப் பாட்டு என்பது ஒரே உரிமை இல்லை. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவான ஒலிக்கு இன்னொன்று. கீபோர்டில் நீங்களே வாசித்துப் போட்டால் ஒலிப்பதிவு உங்களுடையதுதான். மெட்டு உங்களுடையது இல்லை. அதனால்தான் சொந்தக் குரலில் பாடிப் போட்ட வீடியோவுக்கும் கிளெய்ம், அதாவது உரிமை கோரல், வருகிறது.

தமிழில் தளம் நடத்துபவர்கள் அதிகம் சறுக்குவது மொழிபெயர்ப்பில். ஆங்கிலத்தில் ஒரு நல்ல கட்டுரை வந்திருக்கிறது, அதை அப்படியே தமிழில் தருகிறோம், "நன்றி" என்று மூலத்தைக் குறிப்பிடுகிறோம், இதில் என்ன தப்பு? மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருக்கே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கட்டுரையில் உள்ள தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. ஆகவே படித்து, வேறு இரண்டு மூன்று இடங்களில் சரிபார்த்து, உங்கள் நடையில் உங்கள் வரிசையில் எழுதுங்கள். அது தாராளமாகச் செய்யலாம். நாவல் வாசிப்புச் சேனல்களுக்கும் இதே கதைதான். வாழும் எழுத்தாளரின் நாவலை நல்ல குரலில் படித்துப் போடுவது அவருக்கு விளம்பரம்தானே என்பார்கள். விளம்பரம் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

காசு கொடுத்துச் செய்ய வைத்ததெல்லாம் தனக்கே சொந்தம் என்ற நினைப்பும் பாதிதான் உண்மை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்து ஸ்டூடியோக்காரரை அமர்த்திப் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்த நீங்கள்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது (இனி வரும் பிரிவு எண்களும் அந்தச் சட்டத்தினுடையவைதான்). ஆனால் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரிடம் பணம் கொடுத்து வாங்கிய கட்டுரைக்கு இந்த விதி கிடையாது. எழுதியவரே உரிமையாளர். உங்கள் பெயருக்கு மாற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்துடன் வாங்க வேண்டும். அந்தத் தாளில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்; இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இணையத்தில் போடுவதற்கு "இந்தியா மட்டும்" என்ற உரிமை எதற்கு உதவும்? ஆகவே "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமை நிறுவனத்துக்கு வந்துவிடும்.

தாராளமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை

தமிழ் வாசகர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பாரதியின் எழுத்துகள் முன்னோடி. கல்கியின் படைப்புகள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. இவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், தளத்தில் ஏற்றலாம், ஒலிநூல் ஆக்கலாம். பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே நாவலை நாலு விலையில் விற்பதற்குக் காரணமும் இதுதான். தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் தளத்தில் ஏற்கெனவே தட்டச்சு செய்த பிரதிகள் நிறைய இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. நாட்டுடைமை ஆனது மூல எழுத்துதான். ஒரு பதிப்பகம் புதிதாகப் போட்ட முன்னுரை, அடிக்குறிப்பு, ஓவியம், அட்டை எல்லாம் தனி. அந்தப் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றினால் அவர்கள் கேட்கலாம். வேறொருவர் வாசித்த ஒலிப்பதிவும் அவருடையது.

நாட்டுடைமை ஆகாதவர்களுக்குக் கணக்குப் போட வேண்டும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து 60 ஆண்டு. 1965-இல் காலமானவர் என்றால் 1966 ஜனவரியில் கணக்கு தொடங்கி, 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முறையாக வெளியான படைப்புக்கு மட்டும் வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டை வைத்தே 60. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்கலாம். படத்தின் காலம் முடிந்திருந்தாலும் அதில் உள்ள பாட்டை எழுதியவர் பிற்காலத்தில் இறந்திருந்தால், வரிகளின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கும். அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

அரசிதழில் வந்தவை, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை வெளியிடத் தடை இல்லை. அரசு இணையதளத்தில் இருப்பதெல்லாம் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசின் படைப்புக்கும் 60 ஆண்டுப் பதிப்புரிமை உண்டு. அந்தந்தத் தளத்தின் கீழே உள்ள விதியைப் படியுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே முன்கூட்டித் தரும் அனுமதி) உள்ள படங்கள் புதியவர்களுக்குப் பெரிய உதவி. "சிசி பிஒய்" என்றால் பெயர் குறிப்பிட்டால் போதும். "எஸ்ஏ" சேர்ந்தால், அதை மாற்றி நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். "என்சி" என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. விளம்பரம் ஓடும் சேனலுக்கு இதைத் தவிர்ப்பது நல்லது. "என்டி" என்றால் மாற்றக் கூடாது. "படம்: விக்கிப்பீடியா" என்று போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அது பெயர் குறிப்பிட்டதாகாது. எடுத்தவர் பெயர், எடுத்த பக்கத்தின் லிங்க், உரிமத்தின் பெயர் மூன்றும் வேண்டும். விக்கிப்பீடியா வெறும் இடம்தான்.

அனுமதி கேட்பது எப்படி

நேரில் பார்த்தபோது "போட்டுக்கோ தம்பி" என்று சொன்னார் என்பதை எந்த நிறுவனத்திடமும் காட்ட முடியாது. இந்தியச் சட்டமும் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் பெரும்பாலும் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. நீங்கள் எடுத்த கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானத்தின் படத்தை (லிங்க் கீழே) எங்கள் தளத்தில் வரவிருக்கும் கட்டுரையில் வைக்க விரும்புகிறோம். படத்தின் கீழ் உங்கள் பெயரும் உங்கள் பக்கத்தின் லிங்கும் இருக்கும். கட்டுரை தளத்தில் இருக்கும் வரை படமும் இருக்கும். கட்டுரையை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பகிரும்போதும் படம் வரும். எங்கள் தளத்தில் விளம்பரம் உண்டு. படத்தை அளவுக்கேற்ப வெட்டுவோம், வேறு மாற்றம் செய்ய மாட்டோம், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். படம் நீங்களே எடுத்தது, உரிமை உங்களிடமே இருக்கிறது என்றும், சம்மதம் என்றும் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால் போதும். கட்டணம் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள்."

இதில் விளம்பரம் உண்டு என்ற வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். பின்னால் வரும் சண்டை பெரும்பாலும் அதில்தான். "நீங்களே எடுத்ததுதானே" என்று கேட்பதும் முக்கியம். ஃபார்வர்டாக வந்த படத்தைத் தன் பக்கத்தில் போட்டிருப்பவர் தாராளமாக அனுமதி கொடுத்துவிடுவார். அந்த அனுமதிக்கு மதிப்பு கிடையாது. பதில் வராவிட்டால்? மௌனம் சம்மதம் இல்லை. வேறு படம் தேடுங்கள்.

விமர்சனம், செய்தி: எதுவரை போகலாம்

52-ஆவது பிரிவு சில பயன்பாடுகளை விதிமீறல் இல்லை என்கிறது. தனிப்பட்ட பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தியைச் சொல்வது ஆகியவை அதில் வரும். எத்தனை விநாடி, எத்தனை வரி என்று அளவு ஏதும் இல்லை. 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. புகழ்பெற்ற மலையாள நாடகம் ஒன்றை விமர்சிக்க, அதன் பகுதிகளை எடுத்தாண்டு ஒரு எதிர்நாடகம் எழுதப்பட்டிருந்தது. நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள், எதற்காக எடுத்திருக்கிறார்கள், மூலத்தின் வியாபாரத்தோடு இது போட்டியிடுமா. எதிர்நாடகம் தப்பித்தது.

இந்த மூன்றையும் நம் ஊர் வீடியோக்களுக்கு வைத்துப் பாருங்கள். ஒரு சண்டைக் காட்சியின் எடிட்டிங் எப்படி அமைந்திருக்கிறது என்று விளக்க, சில விநாடித் துண்டை நிறுத்தி நிறுத்திக் காட்டிப் பேசுகிறீர்கள். நல்ல வாதம் உங்கள் பக்கம். முழுப் படத்தின் கதையையும் பதினைந்து நிமிடத்தில், படத்தின் காட்சிகளையே ஓடவிட்டு, தமிழில் சொல்லி முடிக்கிறீர்கள். அதில் விமர்சனம் எங்கே? பார்த்தவர் இனி படத்தைப் பார்க்கத் தேவையில்லை. இந்த வகை வீடியோக்கள் லட்சக்கணக்கில் பார்வை பெறுகின்றன என்பது வேறு விஷயம். ஒரு நாள் புகார் வந்தால் நிற்க இடம் இருக்காது.

நியாயமான வாதம் இருந்தாலும் கணினிக்கு அது தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-இல் சில யூடியூபர்கள், தங்கள் விளக்க வீடியோக்களில் சில விநாடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்கு ஒரு செய்தி நிறுவனம் ஸ்டிரைக் (நீக்கல் புகாரால் சேனல் மேல் விழும் எச்சரிக்கை) கொடுத்து, அதை நீக்கப் பெரும் தொகைக்கு உரிமம் வாங்கச் சொன்னது என்று வெளிப்படையாகப் புகார் கூறினார்கள். நிறுவனமோ தன் உரிமையைக் காப்பதாகச் சொன்னது. இந்தச் சண்டையில் மூன்றாவது ஸ்டிரைக்கில் சேனலே போய்விடும் என்ற பயம்தான் ஆயுதம்.

நோட்டீஸ் வந்துவிட்டது

பதறி எதையும் அழிக்காதீர்கள். முதலில் அது உண்மையான நோட்டீஸா என்று பாருங்கள். காபிரைட் புகார் என்ற பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, இணைப்பைத் திறக்க வைத்து, கணக்கையே பறிக்கும் கூட்டம் இருக்கிறது. மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடாமல், யூடியூப் ஸ்டூடியோவுக்கு நேராகப் போய் அங்கே ஏதாவது காட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது பொய்.

அப்புறம், வந்தது கிளெய்மா ஸ்டிரைக்கா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை பாட்டையோ காட்சியையோ அடையாளம் கண்டுபிடித்துப் போடுவது கிளெய்ம். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் மட்டும் உரிமையாளருக்குப் போகும். சேனலுக்கு ஆபத்து இல்லை. தவறு என்று நினைத்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு. அதற்கு 7 நாள். அதிலும் அவர்கள் விடாமல் நீக்கச் சொன்னால் அது ஸ்டிரைக் ஆகிவிடும். ஆகவே வாதம் பலமாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

ஸ்டிரைக் என்பது சட்டப்படியான நீக்கல் புகார். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் போய்விடும். முதல் ஸ்டிரைக்கில் காபிரைட் பாடம் ஒன்றைப் பார்த்து முடிக்கச் சொல்வார்கள். முடித்தால் 90 நாளில் அது காலாவதியாகும். வீடியோவை அழித்துவிட்டால் ஸ்டிரைக்கும் போய்விடும் என்று நம்பி அழிப்பவர்கள் உண்டு. போகாது.

இப்போது உங்கள் எக்ஸெல் தாளைத் திறங்கள். தப்பு உங்கள் மேல் என்றால், புகார் கொடுத்தவருக்கு மரியாதையாக எழுதி, திரும்பப் பெறச் சொல்லிக் கேளுங்கள். சிறு படைப்பாளிகள் பலர் ஒத்துக்கொள்வார்கள். அனுமதி மின்னஞ்சல் கையில் இருந்தால் அதை அவர்களுக்கே முதலில் அனுப்புங்கள். ஒரே நிறுவனத்தில் ஒருவர் அனுமதி கொடுத்திருப்பார், அது தெரியாமல் இன்னொருவர் புகார் போட்டிருப்பார், இது சகஜம்.

எதிர்த்தரப்பு அசையவில்லை, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றால் எதிர் நோட்டீஸ். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். அவை புகார்தாரருக்குப் போகும். தவறுதலாகவோ ஆளோ பொருளோ மாறியோ நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்பட்டு, உறுதி கூற வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், அந்த நிறுவனம் இருக்கும் பகுதியின் அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் படித்ததும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் முறை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பலம் உண்டு: எதிர் நோட்டீஸ் போன பிறகு 10 முதல் 14 வேலை நாளுக்குள் புகார்தாரர் வழக்குத் தொடர்ந்திருக்க வேண்டும். தொடராவிட்டால் வீடியோ திரும்ப வரும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் கதை வேறு. குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கேட்டிருப்பார்கள். போனில் கூப்பிட்டு "தெரியாமல் போட்டுவிட்டேன் சார்" என்று பேசத் தொடங்காதீர்கள். படத்தை எடுத்துவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் தேதியும் வைத்துக்கொள்ளுங்கள், வக்கீல் ஒருவரைப் பார்த்து எழுத்தில் பதில் அனுப்புங்கள். கேட்கும் தொகை பேரத்துக்குரியதுதான். ஆதாரமே இல்லாமல் மிரட்டினால், அந்த மிரட்டலை நிறுத்தக் கோரி நீங்களே நீதிமன்றம் போக 60-ஆவது பிரிவு வழிவிடுகிறது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு வரும் பதிலைப் பார்த்ததும் சிலர் அடங்கிவிடுவார்கள்.

மற்றவர்களும் உங்கள் தளத்தில் ஏற்றலாம் என்றால்

வாசகர்கள் கதை, படம், பிடிஎஃப் ஏற்றும் வசதி வைத்திருந்தால் நீங்களும் ஒரு சின்ன யூடியூப்தான். புகார் அனுப்ப ஒரு முகவரியையும், குறைதீர் அலுவலர் பெயரையும் தளத்தில் எளிதாகக் கண்ணில் படும்படி வையுங்கள். ஒருவர் தன் படைப்பு இது, இந்த லிங்கில் இருக்கிறது என்று எழுத்தில் சொன்னால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்துங்கள். 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் சொல்லும் கெடு அது. 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் திரும்ப அனுமதிக்கலாம். பயனர்கள் பாட்டு ஏற்றிப் பகிர்ந்த மைஸ்பேஸ் என்ற தளத்தின் வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பொத்தாம்பொதுவாக "எங்கள் பாட்டெல்லாம் அங்கே இருக்கிறது" என்றால் போதாது, எது எங்கே என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றது. உங்களுக்கு வரும் புகாரிலும் அதைக் கேட்கலாம். அமெரிக்க வாசகர்கள் அதிகம் என்றால், அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் புகார் பெறும் முகவரைப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 6 டாலர், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீங்களே தேர்ந்தெடுத்து ஏற்றியதற்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஒரு தவறான லிங்குக்காக முழுத் தளமே முடங்குமா என்ற பயம் நியாயமானதுதான். 2012-இல் அது நடந்தது. ஒரு தமிழ்ப் படத்தைக் காப்பாற்ற, யாரென்று தெரியாத மீறுபவர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையாணையை வைத்து, இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்களையே மொத்தமாக முடக்கின. பிறகு அதே நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் முடக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது.

பார்ப்பவர், பகிர்பவர்

தளம் எதுவும் நடத்தாதவருக்கும் இரண்டு வரி. டெலிகிராமில் பயிற்சி மையத்தின் நோட்ஸையோ புது நாவலின் பிடிஎஃபையோ ஏற்றினால் பெயர் தெரியாது என்று நம்ப வேண்டாம். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஓர் ஆசிரியையின் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைத் தரும்படி டெலிகிராமுக்கே உத்தரவிட்டது. தியேட்டரில் போனில் படம் பிடிப்பதற்கு திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் அபராதமும் உண்டு.

உங்கள் படைப்பை வேறொருவர் எடுத்துவிட்டால்

எடுத்தவரைத் திட்டி நிலைத்தகவல் போடும் முன் ஆதாரத்தைச் சேகரியுங்கள். அவர்கள் பக்கத்தின் முழு முகவரி, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், உங்கள் மூலக் கோப்பு. கேமராவிலிருந்து வந்த பெரிய அளவுப் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அதைவிட நல்ல சாட்சி இல்லை. வாட்டர்மார்க்கை வெட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் போன்ற உரிமை விவரங்களை வேண்டுமென்றே நீக்குவது 65பி பிரிவின்கீழ் தனிக் குற்றம்.

பிறகு புகார். சமூக ஊடகம் என்றால் அவர்களின் படிவமே இருக்கிறது. தனித் தளம் என்றால் டொமைன் விவரத் தேடலில் ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கண்டுபிடித்து அவர்களின் புகார் முகவரிக்கு எழுதுங்கள். எது உங்கள் படைப்பு, எந்த லிங்கில் மீறல், உங்கள் தொடர்பு விவரம், அனுமதி தரவில்லை என்று நேர்மையாக நம்புகிறேன் என்ற வரி, தகவல்கள் சரியானவை, நானே உரிமையாளர் என்ற உறுதிமொழி, கையெழுத்து. இதில் ஒன்று குறைந்தாலும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். அதே லிங்கைத் தேடல் முடிவிலிருந்து நீக்கச் சொல்லி கூகுளுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். தளம் வெளிநாட்டில் எங்கோ இருந்து பதிலே சொல்லாதபோது இதுதான் கைகொடுக்கும்.

எடுத்தவர் விமர்சனத்துக்காக எடுத்திருக்கிறாரா என்று அனுப்பும் முன் யோசியுங்கள். அமெரிக்காவில் ஒரு தாய் தன் குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோவைப் போட்டார். பின்னணியில் ஒரு பிரபலப் பாட்டு. இசை நிறுவனம் நீக்கச் சொன்னது. அவர் வழக்குப் போட, நியாயமான பயன்பாடா என்று யோசிக்காமல் நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

பதிவு கட்டாயம் இல்லை என்றேன். இருந்தாலும் வருமானம் தரும் படைப்பு என்றால் பதிந்து வைப்பது நல்லது. நீதிமன்றத்தில் அந்தப் பதிவேடே முதல்நிலைச் சாட்சி. டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள்.

எதிர்த்தரப்பும் எதிர் நோட்டீஸ் அனுப்பலாம் என்பதற்குத் தயாராக இருங்கள். அப்போது அந்த 10–14 வேலை நாள் கெடு உங்கள் தலையில் விழும். வெளிநாட்டு வழக்கு நமக்குக் கட்டுப்படியாகாது என்றால், கெடு முடியும் முன்பே சமரசம் பேசுங்கள்: பெயரும் லிங்கும் போட்டால் விட்டுவிடுகிறேன், அல்லது இவ்வளவு தொகை. எடுத்தவர் இந்தியாவில்தான் இருக்கிறார் என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகம். பதிப்புரிமை வழக்கை அவர் ஊருக்குப் போய்ப் போட வேண்டியதில்லை. 62-ஆவது பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.